காரைக்குடியில் பிடித்த ஜெர்மன் ரேடியோகிராம்: கரண்ட் கொடுத்ததும் அழுகல் நாற்றம், பிழைக்குமா?

#1 குட்டியானை

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன். முதல் பதிவே உதவி கேட்டுத்தான்.

போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனாமல் தூக்குச்சட்டி வாங்கப் போனது. ஒரு கடையின் பின்கட்டில், தகரக் கூரைக்கடியில், தலைமேல் நாலு போதிகைக் கட்டைகளையும் பாதி சிமென்ட் மூட்டையையும் சுமந்துகொண்டு ஒரு ரேடியோகிராம் நின்றது. நாலடிக்கு மேல் நீளம். இடப்பக்கம் ரேடியோ, வலப்பக்க மூடியைத் தூக்கினால் ரெக்கார்ட் சேஞ்சர், அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே போடும் கருவி. டயல் கண்ணாடியில் ஸ்டுட்கார்ட், பெரோமுன்ஸ்டர், லக்சம்பர்க் என்று ஊர்ப்பெயர்கள். முகப்பில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும். பினாங்கிலிருந்து கப்பலில் வந்ததாம். வீடு இடிபட்டபோது கடைக்கு வந்ததாம்.

கடைக்காரர் சொன்னார்: “உள்ளே இருக்கறதையெல்லாம் வழிச்சுட்டு பார் அலமாரி பண்ணணும்னு ஒரு ரிசார்ட்ல கேட்டிருக்காங்க. திங்கக்கிழமை ஆசாரி வர்றார்.” அதற்குமேல் பேரம் பேச வாய் வரவில்லை. பதினோராயிரம். குட்டி யானை வாடகை தனி. மதுரை வருவதற்குள் மூன்று இடத்தில் இறங்கிக் கயிற்றைச் சரிபார்த்தேன்.

இனி பிரச்சினை. கடையில் பிளக்கைச் சொருகிக் காட்டினார்: டயல் விளக்கு எரிந்தது, பச்சைப் பட்டை ஒளிர்ந்தது, ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். வீட்டுக்கு வந்து நானும் போட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும், அழுகின முள்ளங்கியும் பூண்டும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். செட் போய்விட்டதா?

#2 வால்வுப்பித்தன்

முதலில் ஜன்னலைத் திறங்க தம்பி. அந்த நாற்றம் செலினியம் ரெக்டிபயர், அதாவது ஏசியை டிசியாக மாற்றும் பாளம், வேகிற நாற்றம். ஒருமுறை முகர்ந்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. புகை உடம்புக்கு ஆகாது, குனிந்து பார்க்க வேண்டாம்.

செட் போகவில்லை. ஆனால் இன்னும் ரெண்டு நிமிடம் விட்டிருந்தால் மெயின் டிரான்ஸ்பார்மர் போயிருக்கும். அது போனால் காயில் சுற்றித்தர ஆள் தேடி அலையணும். நான் சொல்கிறவரை பிளக் பக்கம் போகாதீங்க. பிளக்கைத் துணியால் சுற்றிக் கட்டியே வையுங்க, வீட்டில் யாராவது ஆசைப்பட்டுப் போட்டுவிடுவார்கள். என் கடையிலேயே நடந்திருக்கிறது.

பழைய வால்வு செட் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களில் ஓடுவது) எதுவாக இருந்தாலும் சரி, கையில் கிடைத்தவுடன் எல்லோரும் செய்கிற முதல் தப்பு ‘பாடுதா பார்ப்போம்’ என்று கரண்ட் கொடுப்பது. விளக்கு எரிவதற்கும் செட் நல்லா இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. விளக்குக்கு 6.3 வோல்ட் போதும். ஆபத்து அந்தப் பக்கம் ஓடுகிற 250 வோல்ட் டிசியில்.

பின்பலகையைக் கழற்றி என்னென்ன வால்வு இருக்கிறது என்று எழுதுங்க. பலகையில் மாடல் எண் அச்சடித்திருக்கும், அதையும் பாருங்க.

#3 டெக்மச்சான்

இவ்வளவு ரிஸ்க் எதுக்கு ப்ரோ? உள்ளே இருக்கிறதைக் கழற்றி ஓஎல்எக்ஸில் போடு. ஒரு புளூடூத் ஆம்ப் போர்டு, ரெண்டு நல்ல ஸ்பீக்கர். மூவாயிரத்தில் முடிந்தது. வெளியே பார்க்க விண்டேஜ், உள்ளே புதுசு. நான் என் தாத்தாவின் மர்பி ரேடியோவை அப்படித்தான் செய்தேன், வர்றவன் எல்லாம் கேட்கிறான்.

#4 ஈயக்கம்பி

மச்சான், அந்த மர்பியின் சேசிஸ், வால்வெல்லாம் மாட்டிய உள் தகரச் சட்டம், எங்கே இப்போது?

#5 டெக்மச்சான்

பழைய இரும்புக்காரரிடம். ஏன்?

#6 ஈயக்கம்பி

ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன்.

#7 குட்டியானை

பின்பலகை கழற்றியாயிற்று. அரை இன்ச் தூசி, ஒரு குளவிக் கூடு. பெயின்ட் பிரஷும் வேக்குவம் கிளீனரும் வைத்து ஒரு மணி நேரம். வால்வுகள்: இசிசி85, இசிஎச்81, இஎஃப்89, இஏபிசி80, இசிசி83, இஎல்84 இரண்டு, இஎம்84. மாடல் எண்ணை வைத்துத் தேடியதில் சர்க்யூட் படம் கிடைத்துவிட்டது. டயலில் எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸோடு நிற்கிறது.

#8 வால்வுப்பித்தன்

அருமை. இஎல்84 ரெண்டு இருக்கிறதென்றால் பெரும்பாலும் ஸ்டீரியோ செட். ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்ததே 1958இல்தான், ஆக உங்கள் செட் அதற்கு அப்புறம். கிரண்டிக், டெலிஃபங்கன், நார்ட்மெண்டே என எந்த ஜெர்மன் செட்டைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே வால்வு வரிசைதான். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றைப் பழுது பார்த்தவனுக்கு மற்றதும் வரும்.

வால்வுகளைத் தொடவே வேண்டாம். வெளியே எடுத்துத் துடைத்து எழுத்தை அழித்துவிடாதீங்க, வெறுங்கையால் துடைத்தாலே அந்த மை போய்விடும். இசிசி83யும் இஎஃப்89உம் அறுபது வருஷம் கழித்தும் சும்மா கிண்ணென்று இருக்கும். தேய்வது இஎல்84. அதற்குக் கவலையில்லை, ஸ்லோவாக்கியாவில் இன்றைக்கும் புதிதாகத் தயாராகிறது. சோவியத் 6பி14பி அப்படியே பொருந்தும். மங்குவது இஎம்84, அந்தப் பச்சைப் பட்டை. அது இருக்கிறவரை இருக்கட்டும்.

இப்போது வேலை வரிசை.

பின்னால் வோல்டேஜ் மாற்றும் கட்டை எதில் நிற்கிறது பாருங்க. 220இல் இருந்தால் 240க்கு மாற்றுங்க. நம் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 240ஐத் தாண்டுகிறது. 220 தட்டில் விட்டால் வால்வு இழைக்கும் நல்லதில்லை, டிரான்ஸ்பார்மரும் சுடும்.

செலினியம் பாளத்தைக் கழற்ற வேண்டாம், பார்வைக்கு அங்கேயே இருக்கட்டும். ஒயரை மட்டும் பிரித்துவிட்டு, 1என்4007 டயோடு நாலு பிரிட்ஜாக வையுங்க. ஆனால் ஒன்று: சிலிக்கன் டயோடில் வோல்டேஜ் விழுவது மிகக் குறைவு, செலினியத்தில் நிறைய விழும். நேரடியாக மாற்றினால் எச்டி வோல்டேஜ், அதாவது நான் சொன்ன அந்த 250 வோல்ட் டிசி, இருபது முப்பது கூடிவிடும். அதனால் ஒரு 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, சர்க்யூட்டில் சொன்ன அளவு வருகிறதா என்று அளந்து சரிசெய்யுங்க.

அப்புறம் சீரியஸ் போர்டு (தொடர் இணைப்பு) ஒன்று கட்டுங்க. 60 வாட் குண்டு பல்பு, எல்இடி உதவாது. செட் அந்தப் பல்பு வழியாகத்தான் உயிர்பெற வேண்டும். போட்டவுடன் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் முழுசாக எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷார்ட். செட் பிழைத்தது, பல்பு காட்டிக்கொடுத்தது.

#9 ஈயக்கம்பி

ஐயா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் இஎல்84 செத்துப்போகும். அதோடு அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகும்.

இசிசி83இலிருந்து இஎல்84இன் கிரிடுக்கு (வால்வில் பாட்டு நுழையும் முனை) போகும் கப்ளிங் கண்டன்சரைப் பாருங்கள். பாட்டை மட்டும் விட்டு டிசியைத் தடுப்பது அதன் வேலை. பழைய காகிதக் கண்டன்சர்களில் ஈரம் ஏறி டிசி கசியும். கிரிடில் இருக்க வேண்டியது பூஜ்ஜியம் வோல்ட். அங்கே பிளஸ் ரெண்டு, மூன்று வந்தால் வால்வு எல்லை மீறி இழுக்கும். வால்வின் கேதோடு என்ற முனையில் அளந்தால் கண்ணுக்குத் தெரியும்: 250 வோல்டில் 135 ஓம் கேதோடு ரெசிஸ்டர் என்றால் சுமார் 7.2 வோல்ட் இருக்க வேண்டும், அதாவது 53 மில்லிஆம்ப். அங்கே 11 வோல்ட் காட்டினால் 80 மில்லிஆம்ப் ஓடுகிறது. அந்த வால்வின் பிளேட் தாங்குவது 12 வாட்தான். விளக்கை அணைத்துப் பார்த்தால் பிளேட் குங்குமச் சிவப்பாகத் தெரியும். பார்க்க அழகாக இருக்கும், பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆகவே சீரியஸ் பல்பில் போடுவதற்கு முன்பே அந்த ரெண்டு கண்டன்சரையும் மாற்றுங்கள். 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன். ரெண்டும் சேர்ந்து ஒரு டீ, வடை காசுதான் ஆகும்.

இன்னொன்று, அளக்கும்போது ஒரு கை பேன்ட் பாக்கெட்டில். கரண்டைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் படாரென்று ஷார்ட் செய்யாமல் 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்து வடியுங்கள்.

#10 வால்வுப்பித்தன்

எல்லாக் கண்டன்சரையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. ஒன்று மாற்றி, போட்டுப் பார்த்து, அடுத்தது. இருபதை ஒரே நாளில் மாற்றி, செட் ஊமையாகி, எந்த ஈயப்பற்று தப்பு என்று தெரியாமல் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கணக்கில்லை. செராமிக், மைக்கா இதெல்லாம் நல்லாவே இருக்கும், விட்டுவிடுங்க.

நான் பழைய கண்டன்சர் கூட்டைச் சூடாக்கி உள்ளே இருப்பதை உருவிவிட்டு, புதியதை அதற்குள் வைத்து மெழுகு ஊற்றிவிடுவேன். திறந்து பார்த்தால் தொழிற்சாலையில் செய்தது மாதிரியே இருக்கும்.

#11 ஈயக்கம்பி

மன்னிக்கணும் ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னால் வருகிற ஆளை ஏமாற்றுகிற வேலை அது. புதிய மஞ்சள் கண்டன்சர் மஞ்சளாகவே தெரியட்டும். இன்னும் முப்பது வருஷம் கழித்துத் திறப்பவனுக்கு எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். நான் மாற்றிய தேதியைச் சேசிஸில் பென்சிலால் எழுதியும் வைப்பேன்.

#12 வால்வுப்பித்தன்

தேதி எழுதுவது நல்ல பழக்கம். மெழுகு ஊற்றுவது என் ஆசை. ரெண்டுக்கும் பாட்டு ஒன்றுதான் வரும்.

#13 அமெரிக்கப்பெட்டி

இடையில் ஒரு சந்தேகம். அண்ணன் நியூஜெர்சியிலிருந்து வீடு மாறி வருகிறார், கூடவே ஒரு மேக்னவாக்ஸ் கன்சோலை (அமெரிக்க ரேடியோகிராம்) கன்டெய்னரில் ஏற்றப்போகிறாராம். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் போதும்தானே?

#14 ஊசிமுனை

ரேடியோவுக்கு ஓரளவு போதும், ரெக்கார்டுக்குப் போதாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. தட்டு சுற்றும் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் ஓடும். 33⅓ சுற்ற வேண்டியது 27.8தான் சுற்றும். பெண் குரல் ஆண் குரலாகிவிடும். மோட்டார் தண்டில் இருக்கும் படிக்கட்டு மாதிரியான புல்லியை 1.2 மடங்கு பெரிதாக லேத்தில் கடைந்து மாற்ற வேண்டும். மெயின் டிரான்ஸ்பார்மரும் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது, 50இல் கொஞ்சம் கூடச் சுடும். அதனால் 117க்குப் பதில் 110 வோல்ட் கொடுங்கள்.

இதற்குமேல் தனி இழை போடுங்கள். ஜெர்மனியில் 50 ஹெர்ட்ஸ்தான், குட்டியானைக்கு இந்தத் தொல்லை இல்லை.

#15 மரத்தூள்

எல்லோரும் உள்ளேயே பார்க்கிறீர்கள். பெட்டி எப்படி இருக்கிறது? சிமென்ட் மூட்டை வைத்த மேல்பலகை?

#16 குட்டியானை

மேல்பலகையில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். ஒரு மூலையில் வெனீர், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, உரிந்து எழும்பியிருக்கிறது. அடியில் பின்கால் ஓரம் கரையான் மண் கோடு. பிரெஞ்சு பாலிஷ் போட்டுவிடலாமா?

#17 மரத்தூள்

அவசரப்படாதீர்கள். நம் ஊர் ரேடியோகிராம் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கு. ஜெர்மன்காரன் ஐம்பதுகளில் கண்ணாடி மாதிரி பளபளவென்று அடித்தது வேறு சங்கதி. முதலில் அடையாளம் காணுங்கள்: கதவின் உள்பக்கம் ஒளிந்த மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட். பிசுபிசுத்தால் அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால் அதன் பக்கத்தில் ஒரு சொட்டு என்சி தின்னர். இளகினால் நைட்ரோ லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியஸ்டர், அதைச் சுரண்ட ஆரம்பித்தால் உங்கள் பேரனுக்குத்தான் முடியும்.

எழும்பிய வெனீருக்கு ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து ஊசி சிரிஞ்சில் உள்ளே செலுத்துங்கள். மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் சமதளக் கட்டை, அதன் மேல் அம்மி. ஒரு நாள் முழுக்க அப்படியே. கரையான் கோட்டைச் சுரண்டிவிட்டுக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே மெத்தென்று இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றத்தான் வேண்டும். வெளியே தெரியாத இடம், தேக்குத் துண்டு போதும்.

#18 அரக்குத்தட்டு

அரக்கு என்றதும் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். 78 தட்டுகளும் அதே அரக்கில்தான் செய்தார்கள். டம்டம் தொழிற்சாலையில் அச்சான ஒரு நல்ல தட்டு, பூஞ்சை பிடித்திருந்தது. எல்பி துடைக்கிற பழக்கத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு சுற்று துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு எவ்வளவு வருகிறது பார் என்று பெருமையாக இன்னொரு சுற்று. அப்புறம்தான் உறைத்தது, வந்தது அழுக்கு இல்லை, பாட்டு.

78க்குக் குழாய்த் தண்ணீர், ஒரு துளி பாத்திரம் விளக்கும் திரவம், மென்மையான துணி. லேபிளை நனைக்காதீர்கள். அவ்வளவுதான்.

#19 குட்டியானை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், ஆபீஸ் வேலை.

செலினியம் ஒயர் பிரித்து டயோடு வைத்தாயிற்று. கழற்றிய கப்ளிங் கண்டன்சரை ஆர்வத்தில் சோதித்தேன்: ஒரு முனையில் 200 வோல்ட் கொடுத்தால் மறுமுனையில் மீட்டர் 3 வோல்டுக்கு மேல் காட்டுகிறது. கடைக்காரர் போட்டுக் காட்டிய அந்த நேரத்தில் இஎல்84 என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது. பெரிய எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் 50+50, அதையும் மாற்றிவிட்டேன். (ஈயக்கம்பி கட்சி. மஞ்சளாகவே விட்டுவிட்டேன், தேதியும் எழுதினேன்.)

சீரியஸ் பல்பு பளிச்சென்று எரிந்தது, மங்கியது. அந்த ரெண்டு விநாடி மூச்சுவிடவில்லை. பல்பை எடுத்துவிட்டு நேராகப் போட்டேன். எச்டி 258. ஒரு இஎல்84இன் கேதோடில் 7.4, மற்றதில் 5.9.

மீடியம் வேவில் முதலில் வந்தது கரகரப்புதான். வீட்டில் எல்இடி விளக்கு, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் அணைத்தால் திருச்சி 936 வருகிறது. லாங் வேவில் ஒன்றுமே இல்லை.

எஃப்எம்தான் ஆச்சரியம். சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ரெண்டும் கத்தி மாதிரி. கொடைக்கானல் 100.5 டயலுக்கு வெளியே ஆயிற்றே என்று நினைத்தேன். முள்ளை ஒட்டக்கடைசிக்குத் தள்ளி, குமிழைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் வருகிறது! கையை எடுத்தால் போய்விடுகிறது.

#20 வால்வுப்பித்தன்

சபாஷ். 5.9 காட்டுகிற வால்வு தேய்ந்தது, அவசரமில்லை, ரெண்டையும் இடம் மாற்றிப் பாருங்க. குறைச்சல் வால்வோடு போகிறதா, சாக்கெட்டிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

கொடைக்கானலுக்கு: இசிசி85 இருக்கும் தகரப் பெட்டியில் ஆஸிலேட்டர் டிரிம்மர், டயலில் ஸ்டேஷன் நிற்கும் இடத்தை நகர்த்தும் சின்னத் திருகு, ஒன்று இருக்கும். இப்போது நிற்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, பிளாஸ்டிக் முனையால் மயிரிழை திருப்புங்க. டயல் மொத்தமும் கொஞ்சம் நகரும், பரவாயில்லை, ஸ்டுட்கார்ட்டை யார் தேடப்போகிறார்கள். ஐஎஃப் கேன்களின் உள்ளே இருக்கும் கருப்புத் திருகுகளை மட்டும் தொடாதீங்க. மெழுகில் இறுகியிருக்கும், திருப்பினால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும்.

#21 வடமராட்சி

இந்த இழையை இரவு முழுக்க இருந்து வாசித்தேன். எங்கட வீட்டில ரேடியோகிராம் இல்லை, பக்கத்து வீட்டு ஐயாவிடம் இருந்தது. அவர் இலங்கை வானொலியைப் போட்டால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும், ஆனால் இசைத்தட்டுப் பக்கத்து மூடிக்குப் பூட்டு. அந்த மூடி திறந்து நான் ஒருநாளும் காணேல்லை. தம்பி, உங்கட சேஞ்சர் ஓடேக்க ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.

#22 குட்டியானை

கட்டாயம் போடுகிறேன் ஐயா, ஆனால் ஓடினால்தானே! சேஞ்சர் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. மோட்டார் ‘ம்’ என்கிறது, தட்டு அசையவில்லை.

#23 ஊசிமுனை

என் நேரம் வந்தது.

மோட்டார் கெட்டிருக்காது. அறுபது வருஷத்துக் கிரீஸ் உறைந்து வண்டி மையும் கோந்தும் கலந்த மாதிரி ஆகியிருக்கும். டபிள்யூடி-40 அடிக்கலாம் என்று தோன்றும், அடிக்காதீர்கள்; ஒரு மாதம் ஓடிவிட்டு மறுபடி இறுகும், ரப்பரிலும் பட்டுத்தொலைக்கும். சேஞ்சரைத் தூக்குவதற்கு முன் நாலு பக்கமும் போன் கேமராவில் படம் எடுங்கள். ஒவ்வொரு லீவராகக் கழற்றி மண்ணெண்ணெயில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து, காயவைத்து, அச்சுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. உரசும் தகடுகளுக்கு மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ்.

மோட்டார் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருந்தால் அதில் பள்ளம் விழுந்திருக்கும். ‘தட் தட்’ என்று சத்தம் வரும். 400 நம்பர் நீர் உப்புத்தாளில் மெதுவாக உருட்டித் தேயுங்கள், பளபளப்பு போய் மங்கலானால் போதும்.

பிக்கப் (ஊசி மாட்டிய தலை) கிரிஸ்டல் வகையென்றால் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு. உப்பு என்றால் உப்புதான், நம் ஊர்க் காற்றில் கரைந்துவிடும். பினாங்கு, அப்புறம் செட்டிநாடு என்றால் மிச்சம் இருக்க வழியில்லை. செராமிக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். காந்த வகை வேண்டாம், அதன் சத்தம் இந்தச் செட்டுக்குப் போதாது, தனி ப்ரீஆம்ப் கேட்கும். ஊசியைத் திருப்பிப்போடும் வகையாக வாங்கினால் ஒருபக்கம் எல்பி, மறுபக்கம் 78. இந்தக் கை ஆறேழு கிராம் அழுத்தும். அபூர்வ எல்பி எதையும் இதில் போடாதீர்கள்.

#24 டெக்மச்சான்

சரி சரி, நான் சரண்டர். ஆனால் தினமும் ரெக்கார்டா போடுவீங்க? போனில் இருந்து பாட்டு கேட்க வழியே இல்லையா?

#25 ஈயக்கம்பி

இருக்கிறது, ஒரு ஓட்டைகூடப் போடாமல். பின்னால் டிஏ என்று ஒரு சாக்கெட் இருந்தால் அது வெளி பிக்கப்புக்கானது. ஏற்ற பிளக் ஒன்றில் ஒயர் பற்றவைத்து போனையோ புளூடூத் ரிசீவரையோ அதில் கொடுக்கலாம். முகப்பில் டிஏ பட்டனை அழுத்தினால் இஎல்84 வழியாக உங்கள் பாட்டு.

ஒரே எச்சரிக்கை: இது மெயின் டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டுக்கு மட்டும். யுசிஎல்82 மாதிரி ‘யு’வில் தொடங்கும் வால்வு இருக்கும் ஏசி/டிசி செட்டில் சேசிஸிலேயே கரண்ட் ஓடும். அதில் போனை மாட்டினால் போனும் போகும், கையும் போகும்.

மர்பி சேசிஸை வாங்கிய பழைய இரும்புக்காரரைப் போய்ப் பார்த்தீரா?

#26 டெக்மச்சான்

போய்ப் பார்த்தேன். இல்லை.

#27 குட்டியானை

வடமராட்சி ஐயாவுக்குப் படம் இணைத்திருக்கிறேன், மூடி திறந்தபடி.

கிரீஸ் எடுக்க ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஸ்பிரிங் எங்கே மாட்டுவது என்று படத்தில் தெரியாமல் ஒரு ராத்திரி தூக்கம் போனது. நேற்று சாயங்காலம் நாலு 45 தட்டுகளை அடுக்கிப் பட்டனைத் தட்டினேன். கை எழுந்து, யோசித்து, பின்னால் போய், ஒரு தட்டு ‘டப்’ என்று விழுந்து, ஊசி இறங்கியது. அம்மா அடுப்படியிலிருந்து “யாருடா வந்திருக்கா?” என்றார்கள். குரல் அப்படி அறைக்குள் நின்றது.

வால்வை இடம் மாற்றினேன், குறைச்சலும் கூடவே போனது. புது இஎல்84 சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தொல்லை மிச்சம்: பத்து இன்ச் தட்டில் ஊசி பாட்டு தொடங்கி அரை இன்ச் உள்ளே தள்ளி இறங்குகிறது.

#28 ஊசிமுனை

கையின் அடிப்பாகத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், இறங்கும் இடத்தைச் சரிசெய்ய. கால் சுற்று திருப்பிப் பாருங்கள், அதற்குமேல் வேண்டாம். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், சேஞ்சருக்குச் சேஞ்சர் மாறும்.

#29 குட்டியானை

கால் சுற்று, இடப்பக்கம். சரியாகிவிட்டது.

சேஞ்சரைக் கடைசியாகத் தூக்கியபோது அடிப்பலகையில் ஒரு காய்ந்த பல்லி, 45 தட்டுக்குப் போடும் நடுவளையம் ஒன்று, கூடவே முகப்பிலிருந்து உதிர்ந்த பித்தளை எழுத்து ஒன்று கிடைத்தது. எழுத்தை ஆணி ஓட்டை பார்த்து ஒட்டிவிட்டேன். அம்மா தலைகீழாக இருக்கிறது என்கிறார்கள். நாளை பசை காய்வதற்குள் பார்க்கணும்.